தானாக ஓடும் ஜாய்ஸ்டிக்... தேயாத காந்த வைத்தியம்!

கலசப்பாக்கத்தில் இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை. தெருவில் வெயில் கொளுத்துகிறது. தூரத்தில் ஜவ்வாது மலை மங்கலாகத் தெரிகிறது. வீட்டுக்குள்ளே பிளஸ் ஒன் முடித்த பையன் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய ஜாய்ஸ்டிக் அது. ஓடுபாதையை விட்டு மேலே ஏறியதுமே விமானம் இடது பக்கமாகச் சாய்கிறது.

"தாத்தா, இதைப் பாருங்க. நான் கையையே வைக்கல. அதுவா இடது பக்கம் போகுது!"

"பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் போய்ப் படிடா" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

தாத்தா கிட்டே வந்து குச்சியை மெல்ல ஆட்டிப் பார்க்கிறார். "அந்தக் காலத்துல இலங்கை வானொலி கேக்க வால்யூமைத் திருகுனா கரகரன்னு சத்தம் வரும்டா. உள்ள தேஞ்சிடுச்சுன்னு ரேடியோ கடைக்காரர் சொல்வாரு. இதுவும் அந்த மாதிரிதான் போல."

தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரேடியோவின் வால்யூம் திருகிலும், பேரனின் ஜாய்ஸ்டிக்கிலும் இருப்பது ஒரே பொருள்தான். அதன் பெயர் பொட்டென்ஷியோமீட்டர். ரிப்பேர் கடைகளில் சுருக்கமாக 'பாட்' என்பார்கள்.

உள்ளே என்ன தேய்கிறது?

பாட்டைத் திறந்து பார்த்தால் விஷயம் ரொம்ப எளிது. அரை வட்டமாக ஒரு கரிப் பட்டை. அதன் மேல் உரசியபடி நகரும் ஒரு சின்ன உலோக விரல். பட்டையின் ஒரு முனையில் 5 வோல்ட், மறு முனையில் பூஜ்யம். விரல் நடுவில் நின்றால் 2.5 வோல்ட் கிடைக்கும். ஒரு பக்கம் நகர்ந்தால் கூடும், மறு பக்கம் நகர்ந்தால் குறையும். இந்த வோல்டேஜை வைத்துத்தான் குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது.

ஜாய்ஸ்டிக்கில் இப்படி இரண்டு பாட் இருக்கும். ஒன்று இடம் வலம் பார்க்க, இன்னொன்று முன் பின் பார்க்க.

உரசினால் தேய்மானம் உண்டு. அதிலும் குச்சி எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வந்து நிற்பது நடுவில்தான். ஆக, அதிகம் தேய்வதும் நடுப்பகுதிதான். அங்கே கரி உதிர்ந்து பொடியாகிறது. 2.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2.3 வருகிறது, அல்லது நிலையில்லாமல் குதிக்கிறது. பாவம், கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? யாரோ குச்சியை இடது பக்கம் தள்ளுகிறார்கள் என்றே அது நினைக்கும். விமானம் சாயும். இதைத்தான் விளையாட்டுப் பிள்ளைகள் 'டிரிஃப்ட்' என்கிறார்கள்.

ஏழு மாத ஆயுள்

கையில் பிடித்து விளையாடும் கேம்பேடுகளின் கட்டைவிரல் குச்சியிலும் இதே கதைதான், இன்னும் சின்ன அளவில். அவற்றில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைப் பாட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 20 லட்சம் சுற்று. கேட்க மலைப்பாக இருக்கிறது அல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேகமான விளையாட்டில் நிமிடத்துக்கு 80 முறை குச்சி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சத்தை 80-ஆல் வகுத்தால் 25,000 நிமிடம். மணிக்கணக்கில் சுமார் 417. தினம் 2 மணி நேரம் விளையாடும் பிள்ளை அந்த ஆயுளை ஏழே மாதத்தில் தாண்டிவிடும்! அதற்காக அன்றைக்கே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால், 'போன பொங்கலுக்குத்தானே வாங்கினோம்' என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமும் இல்லை.

இது உலகம் முழுக்க உள்ள புலம்பல். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்விட்ச்' கருவியின் ஜாய்-கான் குச்சிகள் இப்படித் தானாக நகர்வதாகப் புகார்கள் குவிந்தன. 2019-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2020 ஜூனில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தேயாத குச்சி எப்போதோ வந்துவிட்டது. 1996-ல் செகா நிறுவனம் தன் 'சாட்டர்ன்' கருவிக்காகக் கொண்டுவந்த கேம்பேடிலும், 1998-ல் வந்த 'டிரீம்காஸ்ட்' கேம்பேடிலும் கரிப் பட்டை கிடையாது. காந்தமும் அதன் பலத்தை அளக்கும் சென்சாரும்தான். அந்தச் சென்சாரின் பெயர், 'ஹால் சென்சார்'.

ஹால் என்றால் வீட்டு ஹால் அல்ல!

ஹால் என்பது ஒரு மனிதரின் பெயர். எட்வின் ஹால். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். கண்ணாடித் தகட்டில் மெல்லிய தங்க இலையை ஒட்டி, அதில் மின்சாரத்தை ஓடவிட்டு, பக்கத்தில் பலமான காந்தத்தை வைத்துப் பார்த்தார். தங்க இலையின் இரண்டு ஓரங்களுக்கும் இடையே மிகச் சிறிய வோல்டேஜ் உண்டாவதைக் கண்டுபிடித்தார். எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியவந்தது 1897-ல்தான். அதற்கு 18 வருடம் முன்பே நடந்த சோதனை இது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டம் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. வழியில் யாரோ எல்லோரையும் ஒரு பக்கமாக ஒதுக்குகிறார்கள். என்ன ஆகும்? சாலையின் ஒரு ஓரத்தில் நெரிசல், மறு ஓரம் காலி. காந்தம் செய்வதும் அதுதான். நேராக ஓடும் மின்சாரத்தை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. இரண்டு ஓரத்துக்கும் உள்ள அந்த வித்தியாசமே வோல்டேஜாகக் கிடைக்கிறது. காந்தம் நெருங்க நெருங்க வோல்டேஜ் மாறும்.

கவனியுங்கள், இங்கே எதுவும் எதையும் தொடவில்லை. காந்தம் குச்சியோடு ஆடுகிறது. சென்சார் தள்ளி நின்று பார்க்கிறது. உரசல் இல்லை, அதனால் கரி உதிர வழியே இல்லை.

மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது எவ்வளவு முறுக்கினோம் என்று வண்டிக்குச் சொல்வது பெரும்பாலும் இதே காந்தமும் ஹால் சென்சாரும்தான். மழையிலும் புழுதியிலும் நாள் முழுக்க முறுக்கப்படும் இடத்தில் கரிப் பட்டையை நம்ப முடியாதே!

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். உலகம் முழுக்க, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஆர்வலர்கள் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இது.

'இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா' என்று கேட்பவர்கள் ஜவ்வாது மலையின் காவலூருக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் அங்கே முதலில் நிறுவிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானல் வானாய்வக வளாகத்திலேயே செய்யப்பட்டது. அதே மலையில் 1986-ல் தொடங்கிவைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியும் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியதுதான். நட்சத்திரம் பார்க்கும் கருவியையே நம் ஆட்கள் செய்திருக்கும்போது, ஒரு குச்சியின் சாய்வைப் பார்க்கும் கருவியைச் செய்ய முடியாதா என்ன?

முதலில் செலவில்லாத வைத்தியம்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்கள். கேரன்டி இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். இருந்தால் திறக்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால், கம்ப்யூட்டரின் கேம் கன்ட்ரோலர் செட்டிங்கில் 'கேலிபரேட்' செய்து பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், பாட்டுக்குள் 'கான்டாக்ட் கிளீனர்' ஸ்பிரே கொஞ்சம் அடித்து, குச்சியை நாலா பக்கமும் ஆட்டி, காயவிட்டுப் பாருங்கள். வெறும் தூசியாக இருந்தால் இதிலேயே குணமாகிவிடும். கரியே தேய்ந்திருந்தால் சில வாரத்தில் பழைய வியாதி திரும்பி வரும். அப்போதுதான் காந்த வைத்தியம்.

என்னென்ன வேண்டும்?

ஹால் சென்சார் இரண்டு. கடையில் 'லீனியர்' வகை என்று சொல்லிக் கேளுங்கள். 49இ என்ற எண்ணில் கிடைப்பது பிரபலம். காந்தம் வந்தால் ஆன், போனால் ஆஃப் என்று மட்டும் காட்டும் ஸ்விட்ச் வகையும் பார்க்க அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும். அது இதற்கு உதவாது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் சென்சார் சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும்.

சின்ன நியோடிமியம் காந்தம் நான்கு. கொஞ்சம் வயர், சால்டரிங் அயர்ன், இரண்டு கலவையைச் சேர்த்து ஒட்டும் எபாக்ஸி பசை, ஒரு மல்டிமீட்டர். காந்தத்தைப் பிடித்துவைக்க 'ப' வடிவத்தில் ஒரு தாங்கி வேண்டும். அதைப் பழைய பிளாஸ்டிக் மூடியிலோ பி.வி.சி. பைப் துண்டிலோ அறுத்துச் செய்யலாம். இரும்பில் மட்டும் செய்யாதீர்கள். இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

செய்முறை

ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, வயர்கள் எங்கே போகின்றன என்று முதலில் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டைக் கழற்றுங்கள்.

'ப' தாங்கியின் இரண்டு உள்பக்கமும் ஒவ்வொரு காந்தம். எதிரெதிர் துருவங்கள் ஒன்றை ஒன்று பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அவை ஒன்றை ஒன்று இழுக்கும். பசை காயும்வரை நடுவில் ஒரு கட்டையைச் சொருகி வையுங்கள். இந்தத் தாங்கியைக் குச்சியோடு சுழலும் தண்டின் முனையில் ஒட்டிவிடுங்கள். குச்சி ஆடினால் காந்தங்களும் சுழலும்.

சென்சார் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் உடம்பில் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, அதில் சென்சாரைப் பொருத்தி, இரண்டு காந்தங்களுக்கும் நட்டநடுவில் நிற்கவையுங்கள். எதையும் தொடக் கூடாது. குச்சி நடுவில் இருக்கும்போது காந்தப் புலம் சென்சாரின் தட்டையான முகத்தில் நேராக மோதக் கூடாது, பக்கவாட்டில் கடந்து போக வேண்டும். அந்த நிலையில் சென்சார் 2.5 வோல்ட் காட்டும். குச்சியை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு துருவம் முகத்தின் பக்கம் திரும்பும், வோல்டேஜ் கூடும். மறு பக்கம் சாய்த்தால் குறையும். பழைய பாட் செய்த அதே வேலை!

அடுத்தது வயரிங். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாட்டுக்கும் மூன்று கால், சென்சாருக்கும் மூன்று கால். அப்படியே மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாட்டில் நடுக்கால்தான் சிக்னல். 49இ சென்சாரில் நடுக்கால் கிரவுண்டு. எழுத்து இருக்கும் முகம் உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக 5 வோல்ட், கிரவுண்டு, சிக்னல். மாற்றிக் கொடுத்தால் சென்சார் சூடாகிச் செத்துவிடும். வாங்கிய சென்சாரின் விவரத் தாளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து மறுபடி கேலிபரேட் செய்யுங்கள். குச்சி பாதி தூரம் போவதற்குள் திரையில் முழு அளவும் வந்துவிடுகிறதா? காந்தம் மிகப் பலமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வையுங்கள். முழுக்கச் சாய்த்தும் அசைவு குறைவாக இருக்கிறதா? கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். 49இ சென்சாரால் சுமார் 1 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரைதான் காட்ட முடியும். கேலிபரேட் செய்துவிட்டால் அதுவே போதும்.

எல்லா நோய்க்கும் மருந்தல்ல

குச்சியை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், காந்தம் வைத்தாலும் குச்சி நடுவுக்கு வராது. ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும்.

கையில் பிடிக்கும் கேம்பேடுகள் வேறு ரகம். உள்ளே இடமே இருக்காது. சிலவற்றில் குச்சிக்கு வரும் மின்சாரம் 2 வோல்ட்டுக்கும் குறைவு. 49இ வேலை செய்யக் குறைந்தது 3 வோல்ட்டாவது வேண்டும். அவற்றுக்கு அதே அளவில் காந்தக் குச்சிகள் ரெடிமேடாக விற்கின்றன. வாங்கி, சால்டரிங் நன்றாகத் தெரிந்த மொபைல் சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றலாம்.

பேட்டரியில் ஓடும் கருவி என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 10 கிலோ ஓம் பாட், 5 வோல்ட்டில் அரை மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். ஹால் சென்சார் ஒவ்வொன்றும் அதைப்போலப் பல மடங்கு குடிக்கும். யு.எஸ்.பி. வயரில் ஓடும் ஜாய்ஸ்டிக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அம்மாக்கள் கவனத்துக்கு!

நியோடிமியம் காந்தம் பார்க்க மிட்டாய் மாதிரி பளபளக்கும். சின்னக் குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் நசுக்கி ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். குடலே ஓட்டையாகும் ஆபத்து உண்டு. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 'தானா வெளியே வந்துடும்' என்று காத்திருக்கவே கூடாது. வேலை செய்யும்போது காந்தங்களை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இவற்றை நெஞ்சருகே கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்று. மின்சார ஸ்கூட்டரின் ஆக்ஸிலரேட்டர், பேட்டரி வீல் சேரின் ஜாய்ஸ்டிக், மருந்து தெளிக்கும் டிரோனின் ரிமோட் ஆகியவற்றில் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். திரையில் விமானம் விழுந்தால் மறுபடி விளையாடலாம். வீல் சேர் தானாக நகர்ந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து. அதற்கு உரிய சர்வீஸ் ஆட்களிடம்தான் போக வேண்டும்.

தூக்கிப் போடும் முன்...

ஒரு ஜாய்ஸ்டிக்கில் பட்டன்கள், வயர், சர்க்யூட் போர்டு, ஸ்பிரிங், பிளாஸ்டிக் உடம்பு என எல்லாம் நன்றாக இருக்கும். கெட்டுப்போனது நகக்கண் அகலக் கரிப் பட்டை மட்டும். அதற்காக மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். புதிதிலும் அதே கரிப் பட்டை இருந்தால் அதே கதைதான்.

ரிப்பேர் செய்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்ற பேச்சு இந்தியாவிலும் வந்துவிட்டது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. மொபைல், எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள், விவசாயக் கருவிகள் ஆகியவற்றின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம். சர்வீஸில் பிரச்னை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

கலசப்பாக்கம் மாதிரி ஊர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, தேவையும் கூட. ஒவ்வொரு சின்னப் பழுதுக்கும் போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தால், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து பொருளின் விலையையே தாண்டிவிடும். அந்த ஊரிலேயே ஒரு பையனுக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்திருந்தால், தெருவே பிழைத்துக்கொள்ளும்.

நாம் நினைத்துப் பார்த்த வீட்டுக்குத் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மேஜை மேல் மூடி துண்டுகள், வயர், பசை. ஒரு சென்சார் தவறான வயரிங்கில் போய்விட்டது. நல்லவேளையாக, கூடுதலாக ஒன்று வாங்கியிருந்தார்கள். விமானம் ஓடுபாதையை விட்டு மேலே ஏறுகிறது. பையன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறான். விமானம் நேராகப் போகிறது.

"எதுவும் தொடவே இல்ல தாத்தா, அதான் தேயாது."

தாத்தா தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போகிறார். பரணிலிருந்து எதையோ இறக்கும் சத்தம். திரும்பி வரும்போது கையில் தூசி படிந்த பழைய டிரான்சிஸ்டர்.

"அப்படியே இந்த வால்யூமையும் கொஞ்சம் பாருடா. கிளீனர் அடிச்சா கரகரப்பு போகுமான்னு பார்க்கலாம்."